450-ஆ, 650-ஆ? ஒரு பழைய கமாரோவின் முன்வில்கள்

ஆய்வேட்டின் நான்காம் இயலுக்கென்று ஒதுக்கிய மூன்று வாரங்களை ஒரு காரின் முன்பக்கச் சுருள்வில்கள் எடுத்துக்கொண்டன. கார் என்னுடையதன்று. நான் இருக்கும் கரக்பூரில் அத்தகைய காரைப் பார்க்கவும் வாய்ப்பில்லை. எங்கள் ஆய்வகத்தில் எனக்கு ஆறாண்டு மூத்தவரும், இப்போது அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் சின்சினாட்டிக்கு அருகே பொறியாளராகப் பணிபுரிபவருமான அண்ணன் ஒருவர் வாங்கிய 1969ஆம் ஆண்டு ஷெவர்லே கமாரோ அது. முன்பக்கத்துப் பழைய வில்லையும் ஷாக் அப்சார்பரையும் கழற்றிவிட்டு, இரண்டும் ஒரே தண்டில் அமைந்த காயிலோவரைப் பொருத்த விரும்பினார். எந்த விறைப்புள்ள வில்லை வாங்குவது என்பதே கேள்வி. "தம்பி, விற்பவரின் அட்டவணை 550 என்கிறது. இங்கே பந்தயம் ஓட்டுகிறவர்கள் 650-க்குக் குறைந்து வாங்காதே என்கிறார்கள். உன் ஆய்வே அதிர்வைப் பற்றியதுதானே, நீ சொல்" என்றார்.

இதில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். காரை விற்ற அண்டை வீட்டுப் பெரியவர். சின்சினாட்டி நகரம் நான்கு புறமும் சூழ்ந்திருக்க, நடுவே தனி நகராட்சியாக நிற்கும் நார்வுட் என்ற சிற்றூரில்தான் ஜெனரல் மோட்டார்ஸின் ஆலை இருந்தது. கமாரோக்கள் அங்கும் கலிஃபோர்னியாவின் வான் நைஸிலும் உருவாயின. நார்வுட் ஆலை 1987இல் மூடப்பட்டது. பெரியவர் அந்த ஆலையில் பணியாற்றியவர். இந்தக் காரும் அங்கே செய்யப்பட்டதே. சில ஆண்டுகளுக்கு முன் அவருக்கு இடுப்புப் பகுதி முதுகெலும்பில் இரண்டு கணுக்களை இணைக்கும் அறுவை நடந்தது. விலையைக் குறைத்துக்கொடுத்த அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: வேலை முடிந்ததும் பக்கத்து இருக்கையில் தம்மை அமர்த்தி ஒரு மணிநேரம் சுற்றிவர வேண்டும், அதன் பிறகும் அவ்வப்போது. மருத்துவர் ஒரு மணிநேரத்துக்கு ஒப்புதல் தந்திருந்தார். காரை நன்றாகத் திருப்பி ஓட்ட வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. அதற்கும் அந்த முதுகுக்கும் இடையில்தான் இந்த எண் வந்து நின்றது.

மசில் கார் என்பதன் இலக்கணத்தை அறியாதவர்களுக்கு ஓரிரு வரி. 1964இல் போன்டியாக் நிறுவனம் நடுத்தர அளவுள்ள உடலில் பெரிய எஞ்சினைப் பொருத்தி ஜி.டி.ஓ. என்ற பெயரில் விற்றது. அடுத்த பத்தாண்டுக்குள் அது ஒரு வகையாகவே பெருகிற்று. நேர்கோட்டில் கால் மைல் தூரத்தை எவர் விரைவாகக் கடப்பது என்பதே அந்தக் கார்களின் முதன்மைக் கவலை. வளைவுகள் பிறகு வந்த கவலை. கமாரோவின் முன்பக்கத்தில் நீளம் வேறுபட்ட மேல்கை, கீழ்கை என இரண்டு. கீழ்கையின் மேல் சுருள்வில். பின்பக்கத்தில் நம்மூர் லாரிகளில் இருப்பதுபோன்ற பட்டைவில். கனமான எஞ்சின் முன்னே இருப்பதால் எடையில் பாதிக்கு மேல் முன் சக்கரங்களின் மீது. அந்நாளைய அமெரிக்கக் கார்கள் பலவற்றின் முன்பக்கம் நொடிக்கு ஏறத்தாழ ஓர் அலைவு என்ற மென்மையில் மிதந்தது. நேர்கோட்டுப் பந்தயக்காரர்களுக்கு இன்றும் அந்த மென்மை உவப்பானதே. புறப்படும் கணத்தில் மூக்கு மேலெழுந்து எடை பின் சக்கரங்களுக்குப் போனால் அவர்களுக்கு நல்லது. ஆகவே ஒரே காருக்கு ஒரே எஞ்சினுக்கு அட்டவணையில் பல எண்கள் இருப்பதில் வியப்பில்லை.

பயிற்சி வகுப்பில் மாணவர்களுக்குக் கணக்கு தரும்போது "வில்லின் விறைப்பு இவ்வளவு எனக் கொடுக்கப்பட்டுள்ளது" என்றே தொடங்குகிறோம். நிறை கொடுக்கப்பட்டிருக்கும், விறைப்பு கொடுக்கப்பட்டிருக்கும், வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் அதிர்வெண் வந்துவிடும். யார் கொடுத்தார்கள், எந்த இடத்தில் அளந்து கொடுத்தார்கள் என்று எந்த மாணவரும் கேட்பதில்லை. கேட்கும்படி நாம் வினாவை அமைப்பதும் இல்லை. காயிலோவர் வில்லின் மீது அச்சிட்டிருக்கும் 550 என்பது, அந்த வில்லை ஓர் அங்குலம் அமுக்க 550 பவுண்டு விசை வேண்டும் என்பதை மட்டுமே சொல்கிறது. நம் அலகில் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 96 நியூட்டன். அது வில்லைப் பற்றிய செய்தி. காரைப் பற்றி அது இன்னும் எதையும் சொல்லவில்லை.

ஏனெனில் வில் சக்கரத்தின் மேல் நிற்பதில்லை. கீழ்கையின் உட்புறக் கீலுக்கும் சக்கரத்துக்கும் இடையே எங்கோ நிற்கிறது. கிணற்றங்கரை ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: கோலின் நுனி நெடுந்தூரம் போகையில் அச்சுக்கு அருகிலுள்ள இடம் கொஞ்சமே நகரும். சக்கரம் ஓர் அங்குலம் எழும்பும்போது வில் 0.55 அங்குலமே சுருங்குவதாகக் கொள்வோம். அப்போது வில்லில் பிறக்கும் விசை 0.55 பங்காகக் குறைகிறது. அந்த விசையும் அதே நெம்புகோல் வழியாகச் சக்கரத்தை அடைகையில் மறுபடி 0.55 பங்காகக் குறைகிறது. தள்ளுபடி இரண்டு முறை. 0.55-ஐ 0.55-ஆல் பெருக்கினால் 0.30; அதாவது 550 பவுண்டு வில், சக்கரத்தில் 166 பவுண்டு வில்லாகவே உணரப்படும்.

எண்ணைக் கேட்பதற்கு முன் விகிதத்தை அளந்து அனுப்புங்கள் என்று அண்ணனிடம் கேட்டுக்கொண்டேன். அவர் ஒரு சனிக்கிழமை முழுவதையும் அதற்குக் கொடுத்தார். காரைத் தாங்கிகளின் மேல் நிறுத்தி, வில்லில்லாத வெற்றுக் காயிலோவரைப் பொருத்தி, சக்கரத்தை ஜாக்கியால் அரை அரை அங்குலமாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் தண்டின் நீளத்தைக் குறித்தார். ஓட்டும் உயரத்துக்கு மேலும் கீழுமாகச் சக்கரம் இரண்டு அங்குலம் நகர்ந்தபோது தண்டு 1.1 அங்குலம் நகர்ந்திருந்தது. விகிதம் 0.55. தண்டின் போக்கிலேயே அளந்ததால் அதன் சாய்வுக்கென்று தனித் திருத்தம் தேவைப்படவில்லை.

நான்கு மூலைகளிலும் எடை போட்டார். முன் மூலை ஒவ்வொன்றும் 935 பவுண்டு. சக்கரம், பிரேக், கைகளில் ஒரு பகுதி ஆகிய வில்லுக்குக் கீழுள்ளவற்றைக் கழித்தால் வில் சுமப்பது 840 பவுண்டு, ஏறத்தாழ 380 கிலோ. பின்பக்கத்தில் கனமான அச்சைக் கழித்தபின் பக்கத்துக்கு 595 பவுண்டு. பட்டைவில்லின் விறைப்பு அங்குலத்துக்கு 125 பவுண்டு.

இந்த நிலையில் அட்டவணையைப் பற்றி ஒரு சொல். அது எஞ்சினின் வகையைக் கேட்கிறது, விகிதத்தைக் கேட்பதில்லை. வார்ப்பிரும்புச் சிறிய எஞ்சினுக்குப் பதில் பெரியதை வைத்தால் முன்பக்கத்தில் ஏறத்தாழ ஐம்பது கிலோ கூடும், மூலைக்கு இருபத்தைந்து. அதிர்வெண்ணில் அது மூன்று விழுக்காட்டு மாற்றம். ஆனால் விகிதம் 0.55-இலிருந்து 0.60 ஆனால் சக்கர விறைப்பு 19 விழுக்காடும் அதிர்வெண் 9 விழுக்காடும் ஏறிவிடுகின்றன. தாம் விற்கும் கீழ்கையின் அமைப்பை விற்பவர் அறிந்திருப்பார், அதை உள்ளடக்கியே எண்ணைத் தந்திருப்பார் என்பது நியாயமான எதிர்வாதம். வேறு கீழ்கை வைத்திருப்பவருக்கு அந்த எண்ணை அப்படியே எடுத்துரைக்கும் நண்பர்களுக்கு அந்த வாதம் பொருந்தாது. "650 போட்டேன், அருமையாக இருக்கிறது" என்று சொல்லும் மனிதரின் காரில் விகிதம் என்ன என்று தெரியாதவரை அவர் சொன்னது ஓர் உணர்ச்சி மட்டுமே.

இனி எண்கள். 450 பவுண்டு வில் என்றால் முன்பக்க அதிர்வெண் 1.26 ஹெர்ட்ஸ், 550 என்றால் 1.39, 650 என்றால் 1.51. பின்பக்கம், தொடாமல் விட்டால், 1.43.

இந்த நான்கையும் அருகருகே எழுதியபோதுதான் வினாவின் உருவம் மாறியது. முன்வில்லைத் தேர்ந்தெடுப்பதாக எண்ணிக்கொண்டிருந்தோம். உண்மையில் பின்வில்லுக்கு ஓர் இணையைத் தேடிக்கொண்டிருந்தோம். இதை முதலில் தெளிவாகக் கண்டவர் மாரிஸ் ஓலி என்ற ஆங்கிலேயப் பொறியாளர். ரோல்ஸ்-ராய்ஸில் பணியாற்றி, 1930இல் காடிலாக்குக்கு வந்தவர். நகர்த்தி வைக்கக்கூடிய எடைகளைத் தொங்கவிட்ட ஒரு சோதனைக் காரை உருவாக்கி, வில்களையும் நிறைப் பரவலையும் மாற்றி மாற்றி அமைத்து, அதில் ஏறி அமர்ந்து, உடல் எதை விரும்புகிறது என்று பார்த்தார். கருவிகள் அல்ல, அமர்ந்திருக்கும் மனிதரே அங்கே அளவுகோல். ஜெனரல் மோட்டார்ஸின் 1934ஆம் ஆண்டுக் கார்களில் தனித்தியங்கும் முன் சக்கர அமைப்பு வந்ததில் அவருடைய பங்கு பெரியது. முன்பக்கம் பின்பக்கத்தைவிடச் சற்று மெதுவாக ஆட வேண்டும் என்ற விதியும் அவரிடமிருந்து வந்ததே.

காரணம் எளியது. மேட்டை முன் சக்கரம் முதலில் சந்திக்கிறது. பின் சக்கரம் சற்றுப் பொறுத்து. கமாரோவின் இரு அச்சுகளுக்கும் இடையே 108 அங்குலம், அதாவது 2.74 மீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் தாமதம் 0.12 நொடி. முன்பக்கம் ஆடத் தொடங்கிய பின்னரே பின்பக்கம் தொடங்குகிறது. பின்பக்கம் விரைந்து ஆடினால் அது முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிடும். பிறகு கார் முழுவதும் மட்டமாக ஏறி இறங்கும். 450 வில்லில் முன்பக்கத்தின் ஓர் அலைவுக்கு 0.79 நொடி, பின்பக்கத்தின் அலைவுக்கு 0.70, ஒன்றேகால் அலைவுக்குச் சற்று மேல் போனால் இரண்டும் சேர்ந்துவிடும். 550-இல் இரு காலங்களும் ஏறத்தாழச் சமம். சேர்வதற்குள் அலைவே அடங்கிப்போகும். 650-இல் முன்பக்கம் பின்பக்கத்தைவிட வேகமாக ஆடுகிறது. பின்பக்கம் துரத்தத் துரத்த இடைவெளி கூடும். உள்ளே அமர்ந்திருப்பவரின் தலை முன்னும் பின்னும் ஆடும்.

ஓலியின் விதியை வேதமாக்க நான் விரும்பவில்லை. அது அதிர்வடக்கம் குறைந்த, மென்மையான கார்களின் காலத்தில் பிறந்தது. வலுவான ஷாக் அப்சார்பர் இருந்தால் அலைவு இரண்டாம் சுற்றுக்குள்ளேயே ஓய்ந்துவிடும். அப்போது யார் யாரைப் பிடிக்கிறார்கள் என்பது அவ்வளவு முக்கியமில்லை. பந்தயக் கார்களில் முன்பக்கத்தை வேண்டுமென்றே வேகமாக வைப்பவர்களும் உண்டு. எனினும் பொதுச் சாலையில், முதியவர் ஒருவருடன் செல்லும் காருக்கு அந்த விதியை மீற ஒரு காரணம் வேண்டும்.

அந்தக் காரணமும் இருந்தது. அதை ஒதுக்கிவிட முடியாது. கமாரோவின் முன்பக்க வடிவியல், கார் வளைவில் சாயும்போது வெளிச் சக்கரத்தின் தலையையும் வெளிப்பக்கம் சாயவிடுகிறது. டயர் தன் விளிம்பில் நிற்கும்; பிடிமானம் குறையும். பாடநூல் சொல்வது வேறு: முன்பக்கத்தை விறைப்பாக்கினால் முன் டயர்களுக்கிடையே சுமை கூடுதலாக மாறும், கார் வளைவில் திரும்ப மறுக்கும். இந்தக் காரிலோ முன்பக்கத்தை விறைப்பாக்கினால் சாய்வு குறையும், டயர் நேராக நிற்கும், பல வேளைகளில் பிடிமானம் கூடவே செய்யும். 650 என்று சொன்னவர்கள் அறியாமையால் சொல்லவில்லை. தங்கள் கைகளில் உணர்ந்ததைச் சொன்னார்கள். அந்த உணர்வுக்கு இயந்திரவியலில் அடிப்படை இருக்கிறது. ஆய்வாளர்களாகிய நமக்குப் பட்டறை அறிவைக் கேட்டவுடன் புன்னகைக்கும் ஒரு வழக்கம் உண்டு. அதைக் கொஞ்சம் அடக்கிக்கொள்வது நல்லது.

ஆனால் சாய்வைக் குறைக்க வில் ஒன்றே வழியன்று. இடப்பக்க, வலப்பக்கக் கைகளை இணைக்கும் உருளல் தடுப்புத் தண்டு, ஆன்டி-ரோல் பார் என்பது, இருக்கிறது. அது முறுக்கப்படும்போது மட்டுமே எதிர்க்கும். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கினால் முறுக்கு உண்டு. இரண்டும் சேர்ந்து ஏறினால் அது வெறுமனே சுழன்றுகொடுக்கும். அதன் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் வளர்வதால், ஓர் அங்குலத் தண்டை 1⅛ அங்குலமாக மாற்றினாலே விறைப்பு 1.6 மடங்காகிறது.

அண்ணன் வாழும் பகுதியின் நெடுஞ்சாலைகள் பல காங்கிரீட்டுப் பாளங்களால் ஆனவை. பாளத்துக்குப் பாளம் குறுக்கே ஓர் இணைப்பு. குளிரில் உறைந்தும் இளகியும் அந்த இணைப்புகள் உயர்ந்து தாழ்ந்து நிற்கும். காரின் இரு முன் சக்கரங்களும் அவற்றை ஒரே நேரத்தில் சந்திக்கின்றன. அதாவது பெரியவரின் முதுகை வருத்தக்கூடிய அந்த அடியில் தண்டு தலையிடுவதே இல்லை. வில் மட்டுமே பேசுகிறது. வளைவில் தண்டு பேசுகிறது. மென்மையான வில்லும் தடித்த தண்டும் என்றால், இருவருக்கும் வேண்டியதைப் பெருமளவு பிரித்துக் கொடுத்துவிடலாம். ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழும்போது தண்டு அதை மறுபக்கத்துக்கும் கடத்தும் என்பது இதற்கான விலை. அந்த விலையைக் கொடுக்கலாம் என்பது என் முடிவு.

அண்ணன் உடனே ஒப்பவில்லை. "1.26-க்கும் 1.51-க்கும் கால் ஹெர்ட்ஸ்தானே வேறுபாடு? இதை ஒரு முதுகெலும்பு உணருமா?" என்றார். நல்ல கேள்வி, என் ஆய்வேட்டின் நான்காம் இயலே ஒருவகையில் இதற்கான விடைதான். முழு உடல் அதிர்வு பற்றிய ஐ.எஸ்.ஓ. 2631 தரநிலையின்படி, அமர்ந்திருக்கும் மனிதர் செங்குத்து அதிர்வை மிகுதியாக உணர்வது ஏறத்தாழ 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரை. வில்லின் அதிர்வெண் அதற்கு வெகு கீழே இருக்கிறது என்பது உண்மை. ஆனால் சாலையிலிருந்து வரும் 5 ஹெர்ட்ஸ் அதிர்வில் எவ்வளவு மேலே கடக்கிறது என்பதை அந்தக் கீழ் எண்ணே தீர்மானிக்கிறது. அதிர்வடக்கத்தைக் கணக்கில் சேர்க்காமல் முன் அச்சுக்கு நேர் மேலே கணக்கிட்டால், 1.26-க்குப் பதில் 1.51 வைக்கும்போது அந்த 5 ஹெர்ட்ஸில் கடந்துவருவது ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. கால் ஹெர்ட்ஸ் என்று எழுதும்போது சிறிதாகத் தெரிவது, எலும்பு வரை வரும்போது ஐம்பது விழுக்காடு.

இதற்கு அவர் சொன்ன மறுமொழியை நான் மதிக்கிறேன். "மெத்தென்ற வில் பள்ளத்தில் அடிவரை போய் முட்டினால்? அந்த ஓர் அடி, நூறு சிறிய அடிகளைவிட மோசம் அல்லவா?" ஆம், மோசம்தான். ஆகவே பயணத் தூரத்தைக் கணக்கிட்டோம். நெம்புகோலின் காரணமாக வில் சுமப்பது 840 அன்று, 840-ஐ 0.55-ஆல் வகுத்தால் வரும் 1,527 பவுண்டு. அந்தச் சுமையில் 450 வில் நின்ற இடத்திலேயே 3.4 அங்குலம் சுருங்கியிருக்கும். சக்கரம் மேலும் மூன்று அங்குலம் எழும்பினால் வில் இன்னும் 1.65 அங்குலம் சுருங்கும். மொத்தம் ஐந்து அங்குலத்துக்குச் சற்று மேல். அவர் வாங்கவிருந்த பத்து அங்குல நீள வில்லின் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டுவதற்கு முன் இதைவிடக் கூடுதலாகச் சுருங்க முடியும் என்பதை விவரக் குறிப்பில் பார்த்துக்கொண்டார். ஷாக் அப்சார்பரின் தண்டுக்கும் அதே சோதனை. ரப்பர் முட்டுகளைச் சற்று நீளமானதாக, படிப்படியாக இறுகும் வகையாக மாற்றச் சொன்னேன். எட்டு அங்குல வில்லாக இருந்திருந்தால் நானே 550 என்று சொல்லியிருப்பேன்.

வில்லைவிட எனக்கு அச்சம் தந்த இடம் வேறொன்று. பழைய அமைப்பில் ஷாக் அப்சார்பரின் கீழ்ப் பூட்டுகள் காரின் எடையைச் சுமக்கவில்லை. வில் தனக்கென்று அமைந்த குழியில் கீழ்கை மீது உட்கார்ந்திருந்தது. காயிலோவர் வந்ததும் அந்த 1,527 பவுண்டும், பள்ளத்தில் அதைப்போல் இரு மடங்கும், அந்தச் சிறு பூட்டுகளின் வழியாகவே போகும். எண்ணைப் பற்றி நூறு பேர் வாதிடுகிறார்கள். பூட்டைப் பற்றிப் பேசுபவர் குறைவு. கீழ்கையின் அந்த இடத்தை அண்ணன் தகடு வைத்து வலுப்படுத்தினார். பற்றவைப்பை அவர் செய்யவில்லை, தேர்ந்தவரிடம் கொடுத்தார்.

இறுதியில் வாங்கப்பட்டவை: 450 வில் ஓர் இணை, 1⅛ அங்குலத் தண்டு. கூடவே 550-இலும் ஓர் இணை வாங்கினார். ஒரு பிற்பகலில் மாற்றிவிடலாம், பந்தய நாளுக்கு அது உதவும் என்பது அவர் எண்ணம். நான் தடுக்கவில்லை. 550-ஐப் போடும் நாளில் ஷாக் அப்சார்பரின் திருகையும் இரண்டொரு சொடுக்கு கூட்ட வேண்டும் என்று மட்டும் எழுதினேன். விறைப்பு ஏறும்போது அதே அடக்கம் போதாததாகிவிடும்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பெரியவரை அமர்த்திக்கொண்டு சென்றார்கள். ஒரு மணிநேரம் என்பது ஒன்றே முக்கால் மணிநேரம் ஆயிற்று. நிறுத்தச் சொன்னவர் அண்ணன்தான். முதுகைப் பற்றிக் கேட்டதற்குப் பெரியவர் விடை சொல்லவில்லையாம். காரிலிருந்து மெல்ல இறங்கி, பத்தடி பின்னே போய் நின்று பார்த்து, மூக்கு தாழ்ந்திருக்கிறது, எங்கள் ஆலையிலிருந்து இப்படிப் போனதில்லை, அரை அங்குலம் தூக்கு என்றாராம்.

காயிலோவரில் அது எளிது. வில்லின் அடியிலுள்ள மரைவளையத்தைத் திருகினால் போதும். வில் இறுகி விறைத்துவிடுமே என்று அண்ணனின் நண்பர் ஒருவர் தடுத்தாராம். பரவலான எண்ணம், ஆனால் சரியன்று. வளையம் வில்லின் இருக்கையை உயர்த்துகிறது, கார் அதனோடு உயர்கிறது. வில் சுமக்கும் எடை மாறாததால் அதன் சுருக்கமும் மாறாது, 450 அப்படியே 450-ஆக இருக்கும். சக்கரத்தில் அரை அங்குலம் வேண்டுமென்றால் வளையத்தில் 0.275 அங்குலம், ஏழு மில்லிமீட்டர். நேற்றிரவு இரு பக்கமும் திருகிவிட்டு, சக்கரக் கோணங்களை மறுபடி அளக்க நாளை கொண்டுபோவதாக எழுதியிருக்கிறார்.